கிறிஸ்துமஸ் வெளிவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றுவது: எதில் தொடங்குவது, எங்கே கோளாறு வரும்

கேள்வி: வீட்டு வெளிப்புறத்துக்கு 100 பல்பு மினி சீரியல் செட் ஆறு, கூரை ஓரத்துக்கு 25 பெரிய பல்பு கோத்த மாலை இரண்டு, நட்சத்திரத்துக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பு. எல்லாமே பழைய இழை பல்புகள். ஒரு மாதம், தினமும் ஆறு மணி நேரம் எரியும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டுமா? பல்பை மட்டும் மாற்றினால் போதுமா? இருக்கிற டைமரே போதுமா?

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். 100 பல்பு மினி செட் ஒன்று ஏறத்தாழ 40 வாட் இழுக்கும். ஆறுக்கும் சேர்த்து 240. பெரிய பல்பு பொதுவாக ஒன்று 7 வாட். 50 பல்புக்கு 350. நட்சத்திரத்தையும் கூட்டினால் 650 வாட். தினம் 6 மணி நேரம், 30 நாள் என்றால் 180 மணி நேரம். 117 யூனிட் ஆகிறது. இதையே எல்.இ.டி.யில் பார்த்தால் மினி செட் ஒன்று சுமார் 5 வாட், பெரிய பல்பு தாராளமாக வைத்தாலும் 1 வாட், நட்சத்திரத்துக்கு 7 வாட். மொத்தம் 87 வாட், மாதத்துக்கு 16 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் 101 யூனிட்டை உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். புது விளக்கு வாங்கும் செலவு எத்தனை வருடத்தில் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

அந்த 101 யூனிட் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம். பெரிய பல்பு மாலை இரண்டிலிருந்து மட்டும் 54. ஆறு மினி செட்டுக்கும் சேர்த்து 38, அதாவது செட்டுக்கு 6 சொச்சம். நட்சத்திரத்திலிருக்கும் ஒரே பல்பு ஒன்பதரை. ஆகவே மாற்றும் வரிசை இதுதான்: பெரிய பல்புகள், அடுத்து நட்சத்திரம், கடைசியாக மினி செட்கள். மினி செட்களை ஒரேயடியாகத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பழுதாகப் பழுதாக மாற்றிக்கொள்ளலாம். வருடத்துக்குப் பத்து நாள் மட்டும் எரிகிற ஒரு மினி செட்டை மாற்றினால் மிச்சம் இரண்டு யூனிட்தான். நன்றாக எரிகிற, வயர் தோல் வெடிக்காத செட் என்றால், உள்ளே ஜன்னலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சௌகரியம்: அதிக மிச்சம் தரும் வேலைதான் எளிதான வேலையும். பெரிய பல்பு மாலைகள் பெரும்பாலும் பேரலல் இணைப்பு, அதாவது ஒவ்வொரு பல்புக்கும் முழு வோல்ட்டும் தனியாகக் கிடைக்கும். எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு பல்பைத் திருகித் தளர்த்துங்கள். மற்றவை தொடர்ந்து எரிந்தால் பேரலல். பல்பின் மேல் வீட்டு மின்சாரத்தின் முழு வோல்ட் அச்சிட்டிருந்தாலும் (230 அல்லது 120) அதே முடிவுதான். 15 வோல்ட், 24 வோல்ட் என்று சிறிய எண் இருந்தால் அது சீரியல் (ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்வது), அதில் எல்.இ.டி. பல்பைத் தனியாகப் போட முடியாது. பேரலல் மாலை என்றால் வயரை அப்படியே வைத்துக்கொண்டு பல்பை மட்டும் மாற்றலாம். திருகு அடியின் அளவு பொருந்த வேண்டும்: 230 வோல்ட் நாடுகளில் பொதுவாக 14 அல்லது 27 மில்லிமீட்டர், 120 வோல்ட் நாடுகளின் மாலைகளில் 12 அல்லது 17. பழைய பல்பைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது. 14-ம் 12-ம் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும். வோல்ட்டும் பொருந்த வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குள் போடும் சாதாரண எல்.இ.டி. பல்பை மழையில் தொங்கவிடாதீர்கள். அதன் மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி உண்டு. தண்ணீர் உள்ளே இருக்கும் டிரைவர் போர்டு (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று) வரை போகும். வெளிப்புற உபயோகத்துக்கு என்று அட்டையில் போட்ட, முழுக்க மூடிய பிளாஸ்டிக் உடல் பல்புதான் வேண்டும். ஹோல்டரில் ரப்பர் வளையம் இருந்தால் பல்பு அதில் அழுந்தி உட்காரும் வரை திருகுங்கள். வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாலையைக் கட்டுங்கள். வாய் மேலே பார்த்தால் அது மழைநீர் பிடிக்கும் கிண்ணம்.

இங்கே பலர் எதிர்பார்க்காத ஒன்று நடக்கும். இழை பல்பு, தான் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாகவே வெளியிடுகிறது. அந்தச் சூடு ஹோல்டருக்குள் புகுந்த ஈரத்தை ஓரளவு தினமும் காயவைத்துவிடும். எல்.இ.டி. பல்பில் அந்த உலர்த்தல் கிடையாது. புகுந்த ஈரம் அங்கேயே தங்கி, பித்தளைத் தொடுமுனையைப் பச்சை பூக்க வைத்துவிடும். “பழைய மாலை பத்து வருடம் ஓடியது, எல்.இ.டி. போட்டதும் இரண்டு வருடத்தில் பாதி எரியவில்லை” என்ற புகாரில் பல நேரம் குற்றவாளி பல்பு அல்ல, ஹோல்டர்தான். மாற்றும் நாளன்று ஒவ்வொரு ஹோல்டரையும் பார்த்து (பிளக்கைக் கழற்றிவிட்டு), அடியில் இருக்கும் தகடு பளிச்சென்று இருக்கிறதா, பல்பைத் தொடும் அளவு மேலெழும்பி நிற்கிறதா என்று கவனியுங்கள். படுத்துப்போன தகட்டை மெதுவாக நிமிர்த்தலாம். கறுத்து அரித்துப்போன ஹோல்டரைச் சுரண்டிச் சரிசெய்து பயனில்லை.

நட்சத்திரத்துக்கு 60 வாட் பல்பின் வெளிச்சம் சுமார் 7 வாட் எல்.இ.டி.யில் கிடைத்துவிடும். காகித நட்சத்திரத்தின் கண்ணாடித்தாள் வெளிறிப்போவதும், ஓரம் கருகுவதும் நின்றுவிடும். முழுக்க மூடிய பிளாஸ்டிக் நட்சத்திரம் என்றால் 4, 5 வாட்டோடு நிறுத்துங்கள். காற்றோட்டம் இல்லாத கூட்டில் எல்.இ.டி.யின் டிரைவர் தன் சூட்டிலேயே சீக்கிரம் கெடும்.

மினி செட்களுக்கு வருவோம். இவற்றில் பல்பை மாற்றும் பேச்சே இல்லை. செட்டையே மாற்ற வேண்டும். காரணம், பழைய செட்டில் இரண்டு, மூன்று வோல்ட் பல்புகள் வரிசையாக ஒரே கம்பியில் கோத்திருக்கும். எல்.இ.டி.க்கு மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே போகும்; அதைக் கட்டுப்படுத்த ரெசிஸ்டரோ டிரைவரோ வேண்டும். ஒன்றிரண்டை நடுவில் செருகினால் எரியவே எரியாது, அல்லது முதல் நிமிடத்திலேயே கருகும். பழைய செட்டின் வாலில் புது எல்.இ.டி. செட்டை மாட்டுவதும் கூடாது.

புது செட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறமோ நீளமோ அல்ல: வயரில் ஓடுவது எத்தனை வோல்ட்? விலை மலிவான செட்களில் பிளக்குக்கு அருகே ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். பட்டனை அழுத்தினால் எட்டு விதமாக மின்னும். அந்தப் பெட்டிக்குள் பொதுவாக டிரான்ஸ்பார்மர் கிடையாது. நான்கு டயோடு, சில தைரிஸ்டர்கள் (மின்னணு ஸ்விட்சுகள்), ஒரு சின்ன சிப், அவ்வளவுதான். “ஒரு எல்.இ.டி.க்கு 3 வோல்ட் தானே, என்ன ஆகிவிடும்” என்ற நினைப்பு இங்கே ஆபத்து. ஒவ்வொன்றும் 3 வோல்ட்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் தரையைப் பொறுத்தவரை அந்த மெல்லிய வயர் முழுக்க வீட்டு மின்சாரத்தின் அழுத்தத்தில் இருக்கிறது. அணில் கடித்த இடமோ, ஆணியில் உரசித் தோலுரிந்த இடமோ ஈரமான கையில் பட்டால் அது முழு ஷாக். இந்த வகையை வெளியில், அதுவும் குழந்தைகள் கைக்கு எட்டும் செடிகளில், போடவே வேண்டாம் என்பதே என் முடிவு.

அதற்குப் பதிலாக, பிளக்கிலேயே அடாப்டர் வைத்து 24 அல்லது 31 வோல்ட்டாகக் குறைத்து அனுப்பும் செட்டை எடுங்கள். விளக்குச் சரத்தின் லேபிள் பட்டையில் ரோமன் எண் மூன்று ஒரு சாய்சதுரத்துக்குள் இருந்தால் அது குறைந்த பாதுகாப்பு வோல்ட்டில் ஓடும் வகை. அடாப்டரின் மேல் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் இரட்டை இன்சுலேஷன். அலங்கார விளக்குச் சரங்களுக்கென்றே ஐ.இ.சி. 60598-2-20 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. வட அமெரிக்காவில் யு.எல். 588. இந்த எண்களில் ஒன்று அட்டையில் இருந்தால் நல்லது. எதுவுமே அச்சிடாத பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

தண்ணீர் தாங்கும் திறனை ஐ.பி. எண் சொல்லும். அதில் இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கானது. ஐ.பி. 20 வீட்டுக்குள் மட்டும். ஐ.பி. 44 எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். வராந்தா, கூரை ஓரத்துக்குப் போதும். 65 குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும். திறந்த தோட்டத்துக்கு அதுதான். 67 சிறிது நேரம் நீருக்குள் மூழ்கினாலும் தாங்கும். தண்ணீர் தேங்கும் தரையில் கிடக்கும் சரங்களுக்கு வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 65 விளக்குச் சரத்துக்கு. அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 20 என்று இருக்கும். அப்படியானால் அடாப்டர் வீட்டுக்குள் இருக்க, குறைந்த வோல்ட் வயர் மட்டும் ஜன்னல் வழியே வெளியே போக வேண்டும். ஜன்னல் கதவு அந்த வயரை நசுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்பு தனியாகக் கழன்று வரும் மினி செட்டை விட, பல்பும் அடியும் ஒரே வார்ப்பாக மூடிய செட் வெளியில் அதிக காலம் தாங்கும். கழற்றும் வகையில் எல்.இ.டி.யின் மெல்லிய கால்கள் ஈரத்தில் துருப்பிடித்து, ஒரு பகுதி முழுவதும் அணைந்துவிடும். “50,000 மணி நேரம் எரியும்” என்ற வாசகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வருடத்துக்கு 180 மணி நேரம் எரிகிற விளக்குக்கு 25,000 மணி நேரம் என்பதே 138 வருடம். உங்கள் செட் சாகப்போவது சிப் தேய்ந்து அல்ல. இணைப்பில் தண்ணீர் புகுந்து, வெயிலில் வயர் தோல் வெடித்து, அல்லது அடாப்டர் கெட்டு. காசைக் கூடுதலாகப் போடுவதென்றால் அந்த மூன்றில் போடுங்கள். கடும் குளிர் ஊர்களில் பி.வி.சி. வயர் விறைத்து மடிப்பில் வெடிக்கும். ரப்பர் வயர் தாங்கும். பனி பெய்யும் இடத்தில் இழை பல்பின் சூடு தன்மேல் விழுந்த பனியைக் கரைக்கும், எல்.இ.டி. கரைக்காது, சரம் பனிப்பாரத்தைச் சுமக்க வேண்டிவரும் என்பதால் கொக்கிகளை நெருக்கமாக அடிக்க வேண்டும்.

தொலைவு அதிகமென்றால் வோல்ட் இறக்கத்தைக் கணக்கிடுங்கள். அடாப்டரிலிருந்து மரம் வரை 10 மீட்டர், வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வையுங்கள். போக, வர 20 மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 0.7 ஓம். மரத்தில் 24 வாட் விளக்கு. 12 வோல்ட் அமைப்பென்றால் 2 ஆம்பியர் ஓடும், வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும். அது நூற்றுக்குப் பன்னிரண்டு. கடைசி விளக்குகள் மங்கி, வெள்ளை பழுப்பாகத் தெரியும். அதே 24 வாட் 24 வோல்ட்டில் என்றால் 1 ஆம்பியர், இறக்கம் 0.7 வோல்ட், நூற்றுக்கு மூன்று, கண்ணுக்குத் தெரியாது. வெளி வேலைக்கு 12-ஐ விட 24 மேல் என்பதற்கு இதுவே காரணம். 12 வோல்ட்தான் கைவசம் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள், இறக்கம் மூன்றில் ஒன்றாகிவிடும்.

“எல்.இ.டி. தானே, எத்தனை செட் வேண்டுமானாலும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டலாம்” என்பதும் தவறு. எல்லாச் செட்டின் மின்னோட்டமும் முதல் செட்டின் மெல்லிய வயர் வழியாகத்தான் போகிறது. அதிகபட்சம் எத்தனை என்று பட்டையில் போட்டிருக்கும். அதற்கு மேல் போகாதீர்கள்.

டைமர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. உங்களிடம் இருப்பது முள் சுற்றும் மெக்கானிகல் டைமர் என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. மின்னணு டைமர்களிலும், இருட்டினால் தானாக எரியவைக்கும் சென்சார்களிலும் இரண்டு வகை உண்டு. உள்ளே டிரையாக் (அசையும் பாகம் இல்லாத மின்னணு ஸ்விட்ச்) இருக்கும் வகைக்குக் குறைந்தபட்ச சுமை தேவை. 20, 40 வாட் என்று போட்டிருக்கும். 650 வாட்டில் ஒழுங்காக வேலை செய்தது, 15 வாட் எல்.இ.டி. மாட்டியதும் துடிக்கும், அல்லது அணையவே அணையாது. ரிலே (காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) உள்ள வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆன் ஆகும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். ஆனால் ரிலேவுக்கு வேறொரு பகை: அடாப்டர்களுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஆன் ஆகும் நொடியில் பெரிய மின்னோட்டத்தை ஒரு கணம் உறிஞ்சும். பத்து அடாப்டர் ஒரே டைமரில் இருந்தால் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, விளக்கு பகலிலும் எரியும். டைமரில் 16 ஆம்பியர் என்று போட்டிருப்பது ஹீட்டர் போன்ற சுமைக்கு, எல்.இ.டி.க்கான எண்ணைத் தனியாக, மிகச் சிறியதாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள். சென்சாரை அலங்கார வெளிச்சம் படாத பக்கம் திருப்பி வையுங்கள்; இல்லாவிட்டால் தன் வெளிச்சத்தையே விடியல் என்று நினைத்து அணைத்து எரியவிட்டுக்கொண்டிருக்கும்.

அணைத்த பிறகும் பெரிய பல்பு மாலை மினுக்மினுக்கென்று எரிகிறதா? ஸ்விட்சில் இருக்கும் சிறிய நியான் இண்டிகேட்டர் வழியாக ஒழுகும் துளி மின்னோட்டமே எல்.இ.டி.க்குப் போதும். ஸ்விட்ச், கரண்ட் வரும் பேஸ் கம்பிக்குப் பதிலாக அது திரும்பும் நியூட்ரல் கம்பியை வெட்டினாலும் இப்படி ஆகும். அதை எலக்ட்ரீஷியன் சரிசெய்தே ஆக வேண்டும், ஏனென்றால் அணைத்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். இண்டிகேட்டர்தான் காரணம் என்றால் இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்ச் போடலாம். அல்லது மாலையின் 25 பல்பில் ஒன்றை மட்டும் பழைய இழை பல்பாகவே விட்டுவிடுங்கள்; ஒழுகுவதை அது குடித்துவிடும்.

நிறத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். வெள்ளையின் சாயலை அட்டையில் கெல்வின் எண் சொல்லும்: பழைய விளக்கின் மஞ்சள் கதகதப்பு வேண்டுமென்றால் 2,700 கெல்வின் அல்லது அதற்குக் கீழே. 6,500 நீலம் பாய்ந்த வெள்ளை. வெள்ளை எல்.இ.டி. என்பதே நீலச் சிப்பின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பொடியைப் பூசியதுதான். பூச்சு தொகுப்புக்குத் தொகுப்பு மாறும் என்பதால் ஒரே சுவருக்கு வேண்டிய எல்லாச் செட்டையும் ஒரே சமயத்தில், ஒரே தொகுப்பில் வாங்குங்கள். தனி நீலத்தைக் கூரை உச்சியில் வைத்தால் தெருவிலிருந்து கலங்கலாகத்தான் தெரியும். இரவில் நீலப் புள்ளியைக் கண் கூர்மையாகக் குவிக்காது. வாங்குமுன் எரியவிட்டு, சரத்தைக் கையில் பிடித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஒளி தொடர் கோடாகத் தெரியாமல் விட்டுவிட்டுப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது துடிக்கிற செட். அடாப்டர் இல்லாமல் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் மலிவு வகை சிலவற்றில் மாறுமின்சாரத்தின் பாதிச் சுழற்சி வீணாகி, நொடிக்கு 50 அல்லது 60 முறை அணைந்து எரியும். சிலருக்குத் தலைவலியே வரும்.

சோலார் செட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1.2 வோல்ட், 600 மில்லியாம்பியர்-மணி பேட்டரி முழுக்க நிரம்பினாலே 0.7 வாட்-மணிதான் இருக்கும். அதை நூறு எல்.இ.டி. பகிர்ந்தால் வெளிச்சம் மங்கல், அல்லது இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நடைபாதை ஓரம் அடையாளத்துக்குச் சரி.

கட்டும்போது: அலுமினிய ஏணியைத் தவிருங்கள், வீட்டுக்கு வரும் மேல்நிலை மின்கம்பியிலிருந்து ஏணியும் நீங்களும் மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஸ்டேப்ளர் பின் வயரைத் துளைக்கும். பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள். இணைப்புகளை பாலித்தீன் பையில் போட்டுச் சுற்றுவது நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல்: உள்ளே வியர்த்து, அந்த நீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும். இணைப்பைத் தரையிலிருந்து உயர்த்தி, வாய் கீழே பார்க்க வைத்து, அதற்கு வரும் வயரை இணைப்பை விடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினால் மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால், வெளி பிளக்குக்கு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே கரண்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்க வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பார்த்துவிட்டே ஏணியை எடுங்கள்.

பழுது வந்தால் அணைந்த எல்.இ.டி.களை எண்ணுங்கள். 31 வோல்ட் வெள்ளைச் சரத்தில் ஏறத்தாழ பத்துப் பத்தாகக் கோத்து, அந்தக் கோவைகளைப் பேரலலாக இணைத்திருப்பார்கள். ஒரு பத்து மட்டும் போனால் அதிலுள்ள ஒரு எல்.இ.டி. அல்லது அதன் கால் போயிருக்கிறது. ஓரிடத்துக்கு அப்பால் எல்லாமே அணைந்திருந்தால் வயர் அறுந்திருக்கிறது. முழுச் சரமும் சீரான தாளத்தில் எரிந்து எரிந்து அணைந்தால் எங்கோ தண்ணீர் புகுந்து ஷார்ட் ஆகி, அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். பாதி பாதியாகக் கழற்றிப் பார்த்தால் இடம் பிடிபடும். அடாப்டரை மாற்றுவதானால் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். 24 வோல்ட் சரத்தில் 31 வோல்ட் அடாப்டர் போட்டால் சில நாள் அபாரமாக எரிந்துவிட்டு கருகும். இரண்டு நிறம் மாறிமாறி மின்னும் சரத்துக்குச் சாதாரண டி.சி. அடாப்டர் மாட்டினால் பாதிதான் எரியும். அந்த வகையில் மின்னோட்டத்தின் திசையைத் திருப்பித் திருப்பித்தான் இரண்டு பாதியையும் எரியவைக்கிறார்கள்.

கழற்றி வைக்கும்போது ஈரம் காயவிட்டு, அட்டையில் தளர்வாகச் சுற்றி, அடாப்டரிலும் சரத்திலும் ஒரே எண்ணை மார்க்கரால் எழுதுங்கள். அடுத்த வருடம் மாற்றி மாட்டிக் கருக்கும் வேலை மிச்சம்.